திகதி ஒத்துவராத கடிதங்கள்: திருகோணமலைக் கோட்டைத் தளபதிகள் போர்க்காலத்தில் எழுதியவை (1782, 1795, 1942)

கொட்டியாரத்தான்:
1782 (பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து கோட்டையை எடுத்தது), 1795 (ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து எடுத்தது) இரண்டு முற்றுகைகளின் கடிதங்களையும் நாள் வரிசையில் தமிழில் அடுக்கும்போது மூன்று இடத்தில் முட்டுப்படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

ஒன்று, பிரித்தானிய அட்மிரல் ஹியூஸின் கப்பல்கள் திருகோணமலைக்கு வெளியே வந்து சேர்ந்தது சில பிரதிகளில் செப்டெம்பர் 2, சிலவற்றில் 3. இரண்டும் அந்தக் காலத்துக் கையெழுத்துத்தான். எது பிழை?

இரண்டு, ஒரு தட்டச்சுப் பிரதியில் "7 ஜூலை 1782" என்று தலைப்பிட்ட கடிதம் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்ததைப் பேசுகிறது. கோட்டை விழுந்தது ஒகஸ்ட் 30. எப்படி?

மூன்று, 1795 என்று போட்ட ஒரு பிரதியில் "பிறெட்றிக் கோட்டை" என்றே பெயர் வருகிறது. அதை நம்பலாமா?

பழந்தாள்:
முதலாவதுக்கு மட்டும் இப்ப சொல்லுறன். இரண்டு திகதியும் சரியாக இருக்கலாம். பிழை விடுவது நாங்கள்.

அந்தக் காலத்துப் பிரித்தானியக் கடற்படையின் கப்பல் நாட்குறிப்பில் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, நண்பகலில் தொடங்கும். அதுவும் கரையில் இருக்கிறவனுடைய நாளுக்கு 12 மணித்தியாலம் முன்னாலேயே. கப்பல் "செப்டெம்பர் 3" என்று எழுதும் நாள், கரையில் செப்டெம்பர் 2 நண்பகலில் தொடங்கி 3 நண்பகலில் முடிகிறது. ஆகவே 2ஆம் திகதி மாலை நடந்தது நாட்குறிப்பில் 3ஆம் திகதியின் முதற்பாதியில் இருக்கும். ஹியூஸ் வந்தது மாலையில். உங்கட முரண்பாடு அங்கேயே தீர்ந்துவிடும். 3ஆம் திகதி காலையில் கப்பல்கள் எதிர்ப்பட்டுப் பிற்பகலில் கடற்சண்டை நடந்தபடியால், அந்த ஒரே நாளின் சம்பவங்கள் நாட்குறிப்பில் இரண்டு திகதிக்குக் கீழ் பிரிந்து கிடக்கும். அதைப் பார்த்து "இரண்டு நாள் சண்டை" என்று எழுதிவிடாதீங்கோ.

மாற்றும் விதி லேசு. நாட்குறிப்பில் முற்பகல் என்றால் திகதி அப்படியே. பிற்பகல் என்றால் ஒரு நாளைக் கழியுங்கோ. எந்த முறையில் எழுதியது என்று சந்தேகம் வந்தால் ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கோ: ஒரே திகதிக்குக் கீழ் பிற்பகல் முதலிலும் முற்பகல் அடுத்தும் வந்தால் அது கப்பல் நாள். 1805 ஒக்ரோபரில் கடற்படைத் தலைமையகம் இந்த முறையை நிறுத்தியது. அதற்குப் பிந்தியவற்றில் இந்தக் கழித்தல் தேவையில்லை.

பொறி ஒன்று இருக்கிறது. கப்பல் துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்போது பல நாட்குறிப்புகள் கரை நாளுக்கு மாறிவிடும். அட்மிரல் தன் அறையில் இருந்து எழுதும் கடிதமும் பெரும்பாலும் கரை நாள்தான். கோட்டைத் தளபதி எழுதுவது எப்போதும் கரை நாள். அதனால் எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாளைக் கழித்தால் புதுப் பிழை வரும். எந்தக் கை, எங்கே இருந்து எழுதியது என்று பார்த்தபிறகுதான் கழிக்கலாம்.

சாம்பல்தீவு:
இரண்டாவது கேள்வி என்ர பங்கு. மூலத்தில் "7பெர்" என்று இருந்திருக்கும். தட்டச்சு செய்தவர் 7 என்றதும் ஏழாம் மாதம், ஜூலை என்று முடிவு கட்டிவிட்டார். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. பழைய ரோமன் ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் வந்த பெயர் அது. 7பெர் செப்டெம்பர், 8பெர் ஒக்ரோபர், 9பெர் நவெம்பர், 10பெர் டிசெம்பர். ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் மூன்று பேரும் இப்படி எழுதினார்கள். டிசெம்பருக்கு ரோமன் எண்ணில் பத்தைப் போட்டுவிட்டு வாலை மட்டும் ஒட்டுவார்கள். அதைப் பெருக்கல் குறி என்று படித்து விட்டுவிடாதீங்கோ.

"இன்ஸ்ட்" என்றால் இந்த மாதம், "அல்ட்" என்றால் போன மாதம். ஒல்லாந்தில் போன மாதத்துக்கு "பசாத்தோ". செப்டெம்பர் 2 அன்று எழுதுகிறவர் "30 அல்ட்" என்றால் ஒகஸ்ட் 30. கடிதத் தலையில் உள்ள மாதத்தைப் பிழையாகப் படித்தால் உள்ளே இருக்கும் அத்தனை திகதியும் சேர்ந்து நகரும். உங்கட தட்டச்சுப் பிரதியில் "அல்ட்" வரும் இடமெல்லாம் ஜூன் என்று விரித்திருப்பார்கள், பாருங்கோ.

மூன்றாவது: பிறெட்றிக் என்ற பெயர் 1803இல் வந்தது, யோர்க் கோமகன் பிறெட்றிக்கின் நினைவாக. 1795இல் அது வெறும் திருகோணமலைக் கோட்டை. அந்தப் பெயர் உள்ள 1795 கடிதம் பிந்திய பிரதி, அல்லது யாரோ விளங்கவேண்டும் என்று உள்ளே செருகியது. பொய் என்று தூக்கி எறியத் தேவையில்லை. "பிரதி, 1803க்குப் பின்" என்று குறித்துவிட்டு வையுங்கோ.

அந்தக் கடிதங்களில் "கோட்டை" என்று மட்டும் வந்தால் எது என்று முதலில் நிதானிக்கவேண்டும். பேக் பே, டச்சு பே என்ற இரண்டு குடாக்களுக்கும் நடுவே நீட்டிக்கொண்டு நிற்கும் கோணேசர் மலைக் கோட்டை ஒன்று. அங்கிருந்து 3 கிலோமீற்றர் அளவில் தெற்கே, உள்துறைமுக வாயைக் காக்கும் ஒஸ்டன்பேர்க் இன்னொன்று. ஒவ்வொரு முற்றுகையிலும் இரண்டும் வெவ்வேறு நாளில்தான் விழுந்தன. "கோட்டை விழுந்தது 30ஆ 31ஆ" என்ற பழைய சண்டை இதால் வருவதுதான்: 1782இல் நகரக் கோட்டை ஒகஸ்ட் 30, ஒஸ்டன்பேர்க் 31. 1795இல் ஒகஸ்ட் 26, பிறகு 31.

ஊர்ப் பெயர்களும் கவனம். "கொட்டியார்" என்பது மூதூர்ப் பக்கம். "பகோடா ஹில்" சுவாமிமலை. திருகோணமலையையே பத்து விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தேடும்போது ஒரு எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டுத் தேடினால் பாதி கிடைக்காது.

லோவர்பேட்டரி:
திகதிகளை நேராக்கிவிட்டீர்கள், சரி. அதை வைத்து 1782ஐ ஒருக்கால் வரிசையாகப் பாருங்கோ, அந்தக் கடிதங்கள் ஏன் யாருக்கும் பயன்படவில்லை என்று தெரியும்.

ஜனவரி 5 அன்று ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து நகரக் கோட்டையை எடுத்தார், 11 அன்று ஒஸ்டன்பேர்க்கைத் தாக்கிப் பிடித்தார். காவற்படையை விட்டுவிட்டுக் கப்பல்கள் போய்விட்டன. ஜூலை 6 நாகபட்டினக் கடற்சண்டைக்குப் பிறகு ஹியூஸ் பழுது பார்க்கச் சென்னைக்குப் போனார். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரான் கடலூரில் ஹைதர் அலியைச் சந்தித்துவிட்டு மட்டக்களப்புக்கு வந்தார். ஒகஸ்ட் 21 அன்று அங்கே அவருக்கு மேலதிகக் கப்பல்களும் படையும் வந்து சேர்ந்தன. 25 அன்று திருகோணமலை. 26 அன்று ஏறத்தாழ 2,400 பேர் கரையிறங்கினார்கள். 29 அன்று பீரங்கி மேடைகள் சுடத் தொடங்கின. 30 அன்று ஆங்கிலக் காவற்படைத் தளபதி கப்டன் ஹே மக்டவல் கோட்டையை ஒப்படைத்தார்.

ஹியூஸ் சென்னையை விட்டுக் கிளம்பியது ஒகஸ்ட் 20. அதாவது 25க்குப் பிறகு கோட்டையிலிருந்து சென்னைக்கு எழுதிய எந்தக் கடிதமும், அட்மிரல் இல்லாத ஊருக்குப் போன கடிதம். அவர் கடலில், எதிர்க்காற்றில் நிற்கிறார். ஒகஸ்டில் வீசுவது கச்சான். திருகோணமலையிலிருந்து வடக்கே போகும் சிறு தோணிக்கு அது முதுகில் தள்ளும் காற்று. சென்னையிலிருந்து தெற்கே வரும் பாய்க்கப்பலுக்கு முகத்தில் அடிக்கும் காற்று. கொஞ்சம் கிழக்கே ஓடி, திரும்பி மேற்கே ஓடி, அப்படியே வளைந்து வளைந்து வரவேணும். 20இல் கிளம்பி 2ஆம் திகதி வந்தார், 13 நாள். அதே பருவத்தில் செய்தி விரைவாகப் போகும், உதவி ஆறுதலாக வரும். மார்கழியில் வாடைக்காற்றில் இது தலைகீழ். கடிதத் திகதியை மட்டும் பார்த்து "எழுதின பிறகும் ஏன் வரவில்லை" என்று அட்மிரலைக் குற்றம் சொல்லுகிறவர்கள் மாதத்தைப் பார்ப்பதில்லை.

ஆகவே அட்டவணை போடுகிறீர்கள் என்றால் ஒரு திகதிப் பத்தி போதாது. எழுதியது, கிடைத்தது, உள்ளே சொல்லப்படும் சம்பவம் நடந்தது என்று மூன்று பத்தி வேணும். கிடைத்த திகதி கடிதத்தின் முதுகில் இருக்கும். மடித்தபிறகு வெளியே தெரியும் பட்டையில் எழுத்தர் சின்னதாக எழுதியிருப்பார்: யாரிடமிருந்து, என்ன திகதி, எப்போது வந்தது, எப்போது சபையில் வாசித்தது. வெறுமையான பின்பக்கம் என்று அதைப் படமெடுக்காமல் விடுகிறவர்கள்தான் கூட.

மாங்காய்ஊற்று:
எல்லாம் சரி அண்ணை, ஆனால் சுட்ட மறுநாளே சரண். மக்டவலின் கடிதங்களை எப்படிப் படித்தாலும் அது பயந்த ஆளின் கதைதானே?

லோவர்பேட்டரி:
தம்பி, அதைச் சொல்லமுதல் வெடிமருந்துக் கணக்குப் போடவேணும். கோட்டைத் தளபதி எழுதும் எண்கள் எல்லாம் நாளைக்கு இராணுவ நீதிமன்றத்தில் நிற்கப்போகிறவனின் வாதம். அதனால் அவற்றை நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. போட்டுப் பார்க்கவேணும்.

24 இறாத்தல் குண்டு போடும் பீரங்கிக்கு ஒரு வெடிக்குக் குண்டின் நிறையில் மூன்றில் ஒன்று மருந்து, அதாவது 8 இறாத்தல். பிரித்தானிய மருந்துப் பீப்பா 100 இறாத்தல். நாலு பீரங்கி நாளொன்றுக்கு 80 வெடி வீதம் சுட்டால் 320 வெடி, 2,560 இறாத்தல், 25 பீப்பாவுக்கு மேல். தளபதி "மருந்து 60 பீப்பா" என்று எழுதினால் அது நாலு பீரங்கிக்கு இரண்டேகால் நாள் சொச்சம். துவக்குக்காரருக்கு எடுத்ததைக் கழித்தால் அதுவும் இல்லை. (60 என்பது கணக்குக்கு நான் போட்டது. ஆவணத்தில் உள்ள எண்ணை அதன் இடத்தில் போடுங்கோ.)

பிறகு குண்டு. ஜனவரியில் பிடித்த கோட்டையில் நிற்பது ஒல்லாந்துப் பீரங்கி. அம்ஸ்ரடாம் இறாத்தல் 494 கிராம், ஆங்கில இறாத்தல் 454 கிராம். ஒல்லாந்து 24 இறாத்தல் குண்டு ஏறக்குறைய 11.9 கிலோ, ஆங்கிலக் குண்டு 10.9 கிலோ. ஆங்கிலக் குண்டை ஒல்லாந்துக் குழாயில் போட்டால் உள்ளே ஆடும். மருந்தின் விசை இடுக்கால் தப்பிப் போகும், தூரமும் குறிபார்ப்பும் கெடும். மறுபக்கம், ஒல்லாந்துக் குண்டு ஆங்கிலக் குழாய்க்குள் இறுக்கமாகத்தான் போகும். பிரெஞ்சு இறாத்தல் 489 கிராம் சொச்சம், ஒல்லாந்துக்குக் கிட்ட. அதனால் இருப்புப் பட்டியலில் "24 இறாத்தல் குண்டு இத்தனை" என்று இருந்தால் யாருடைய இறாத்தல் என்று கேட்காமல் கூட்டக்கூடாது.

இன்னும் ஒன்று, ஈரம். மருந்தில் வெடியுப்பு 75, கந்தகம் 10, கரி 15 பங்கு. வெடியுப்பைச் சரியாகச் சுத்திகரிக்காமல் கறியுப்பு கலந்திருந்தால் கடற்காற்றில் நீரை இழுக்கும். பீப்பாவை மாதக்கணக்கில் ஒரே பக்கமாக வைத்தால் கனமான உப்பு கீழே இறங்கிக் கட்டிபடும். அதற்குத்தான் இடைக்கிடை புரட்டி வைக்கச் சொல்லி உத்தரவுகள் வரும். கடிதத்தில் "கெட்ட மருந்து" என்று வந்தால் சாட்டு என்று நினைக்காதீங்கோ, சோதனைக் குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கோ. சிறு மோட்டாரில் அளந்த மருந்தைப் போட்டு அளந்த குண்டை எறிந்து தூரத்தைக் குறிப்பார்கள். குறிப்பு இருந்தால் அது சாட்சி. இல்லாவிட்டால் அது வெறும் வாய்.

மாங்காய்ஊற்று:
சரி. ஆனால் எதிரி கொடுத்த நிபந்தனை மிகத் தாராளம் என்று வருகிறதே? இராணுவ மரியாதையோடு வெளியே போகலாம், சென்னைக்கு அனுப்பி வைக்கிறோம் என்றெல்லாம். அது பேரம் பேசி விற்றது மாதிரி இல்லையா?

பழந்தாள்:
தாராளம் தாக்கினவனின் அவசரத்தைக் காட்டுது. ஹியூஸ் எந்த நாளும் வரலாம் என்று சுஃப்ரானுக்குத் தெரியும். மூன்று நாளைக்குப் பிறகு வந்தும் விட்டார். கோட்டை கையில் இல்லாமல் கடலில் சண்டை பிடிக்க நேர்ந்தால் ஒதுங்க இடமில்லை. அதனால் கேட்டதைக் கொடுத்தார்.

சரணடைவு உடன்படிக்கையை வாசிக்கிற முறை இதுதான். இடப்பக்கம் தளபதி கேட்ட வாசகம், வலப்பக்கம் அல்லது ஓரத்தில் எதிரியின் பதில்: "ஒப்புக்கொண்டது", "மறுத்தது", "இந்த மாற்றத்தோடு". அச்சில் வரும்போது இரண்டையும் ஒட்டி ஒரே வாக்கியமாக்கிவிடுவார்கள். கேட்டது கிடைத்தது போலத் தோன்றும். மூலத்தில் ஓரத்தைப் பாருங்கோ. முதலில் மரியாதை (கொடி, முரசு, பற்றவைத்த திரி), அடுத்து அதிகாரிகளின் வாள், சொந்தச் சாமான், அடுத்து எங்கே எந்தக் கப்பலில் யார் செலவில், பிறகு ஊர்ச்சனங்கள், கடைசியில் மருந்தறைத் திறப்பும் வரைபடங்களும். ஓடிவந்த எதிரிப் படையாட்களைப் பற்றிய வரிதான் பெரும்பாலும் மறுக்கப்படும். அதில் பதில் என்ன என்று பார்த்தால் யார் கை மேலே இருந்தது என்று விளங்கும்.

கொட்டியாரத்தான்:
மிச்சம் நன்றி. 1795 பக்கம் இன்னும் சிக்கல். கோட்டையைத் திறந்துவிடு என்று சொந்த ஆளுநரின் உத்தரவே வந்தபிறகு ஒல்லாந்தத் தளபதி மேஜர் ஃபோர்ன்பவர் ஏன் சண்டை பிடித்தார்?

சாம்பல்தீவு:
அந்த முற்றுகையே ஒரு கடிதத்தின் வாசகத்தில் இருந்து வந்ததுதான். சங்கிலியை மேலிருந்து பிடியுங்கோ.

பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் வந்ததும் அந்த நாட்டின் தலைவர் ஐந்தாம் வில்லியம் லண்டனுக்குத் தப்பி, 1795 பெப்ரவரி 7 அன்று கியூவில் இருந்து ஒல்லாந்தக் குடியேற்றங்களுக்கு எழுதினார்: பிரித்தானியப் படையை நட்பு நாட்டுப் படையாக உள்ளே விடுங்கள். (இன்றைக்கு லண்டன் தேசிய ஆவணக் காப்பகம் இருப்பதும் அதே கியூவில். தேடும்போது இரண்டும் கலந்து வந்து எரிச்சல் தரும்.) அந்தக் கடிதம் ஆளுநர் வான் ஆங்கல்பீக்குக்குக் கொழும்பில் போய்ச் சேர்கிறது. அவர் தன் பங்குக்குத் திருகோணமலைக்கு உத்தரவு எழுதுகிறார். அதை ஆங்கிலேயர் பக்கத்து மேஜர் ஆக்னியூ கொண்டுவருகிறார். உத்தரவு பேசுவது ஒஸ்டன்பேர்க்கைப் பற்றி. நகரக் கோட்டையில் இருக்கும் ஃபோர்ன்பவர் வாசகம் சரியில்லை என்று மறுக்கிறார்.

சும்மா பிடிவாதம் என்று சொல்லவேண்டாம். எழுதியவர் நாட்டை விட்டு ஓடியவர். நாட்டில் ஜனவரியிலேயே புதுக் குடியரசு. ஆளுநர் முழு மனதாக எழுதினாரா என்பது வாசகத்தில் தெளிவில்லை. பிழையாகத் திறந்தால் துரோகி, பிழையாக மூடினால் கீழ்ப்படியாதவன். அந்த நிலையில் ஒரு தளபதி செய்யக்கூடியது, உத்தரவு எழுத்துக்கு எழுத்துச் சரியாக வரட்டும் என்று கேட்பது. அப்படிக் கேட்டால் பொறுப்பு எழுதினவர் தலையில். கதவைத் திறக்கச் சொல்லி நேர் வசனம் இருந்திருந்தால் அவர் திறந்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகுது.

உங்கட அட்டவணையில் இந்த மூன்றையும் தனித்தனி வரிசையாகப் போடுங்கோ: வில்லியம் ஆளுநருக்கு, ஆளுநர் தளபதிக்கு, தளபதி முற்றுகையிட்ட ஆங்கிலப் படைத் தலைவர் கேணல் ஸ்ருவாட்டுக்கு. ஒவ்வொன்றிலும் எந்தக் கோட்டையின் பெயர் இருக்கு, படை எந்த நிலையில் உள்ளே வருகிறது (விருந்தாளியா, காவலா, உரிமையாளனா) என்று ஒரு சொல்லில் எழுதினால் போதும். முறிவு எங்கே வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

லோவர்பேட்டரி:
அதோடு காற்றையும் சேருங்கோ. ஒகஸ்ட் 2 அன்று டயமீட் என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் ஒரு சரக்குக் கப்பலை இழுத்துக்கொண்டு கரைக்காற்றை எதிர்த்து உள்ளே வரப்பார்த்து, நீருக்குள் இருந்த பாறையில் அடித்துச் சாமான் முழுவதோடும் மூழ்கியது. ஆட்கள் தப்பினார்கள். 3ஆம் திகதி கரையிறங்கினாலும் அலையில் சாமான் இறக்கவே நாட்கள் போய், குழி தோண்டத் தொடங்கியது 18, சுட்டது 23, சுவர் உடைந்தது 26. "ஃபோர்ன்பவர் மூன்று கிழமை தாக்குப்பிடித்தார்" என்று எழுதுகிறார்கள். உண்மையில் சுடப்பட்டது மூன்று நாலு நாள். மற்றதெல்லாம் கச்சானும் அலையும் வாங்கிக் கொடுத்த நாள்.

13 வருசத்துக்கு முந்தி, 1782 செப்டெம்பரில், சண்டை முடிந்து திரும்பும்போது சுஃப்ரானின் ஓரியாங் என்ற 74 பீரங்கிக் கப்பலும் இந்த வாயில்தான் பாறையில் ஏறி ஒழிந்தது. கடிதங்களில் "கப்பல் இழப்பு" என்று வந்தால் எதிரி சுட்டது என்று எழுதிவிடாதீங்கோ.

கொட்டியாரத்தான்:
இப்ப தாளைப் பற்றி. பிரதி எது, மூலம் எது என்று கையில் எடுத்தவுடன் பார்க்க வழி இருக்கா?

பழந்தாள்:
இருக்கு. தாளை வெளிச்சத்துக்கு முன் பிடித்து நீர்க்குறி பாருங்கோ. ஏற்றுமதித் தாளுக்கு வரிக்கழிவு பெற, நீர்க்குறியில் ஆண்டு இருக்கவேணும் என்று இங்கிலாந்தில் 1794இல் சட்டம் வந்தது. அதற்குப் பிந்திய ஆங்கிலத் தாளில் ஆண்டு தெரியும். "1782 ஒகஸ்ட்" என்று தலையில் போட்ட கடிதத்தின் நீர்க்குறியில் 1800க்குக் கிட்ட ஓர் ஆண்டு இருந்தால் பேச்சுக்கு இடமில்லை, பிரதி. ஆண்டு இல்லாததால் மட்டும் பழசு என்று முடிவு கட்டவும் கூடாது. ஒல்லாந்தத் தாளில் வேலிக்குள் பெண்ணும் சிங்கமும் இருக்கும் "புரோ பாத்திரியா" குறி நிறைய வரும். அது நீண்டகாலம் ஓடிய குறி, அதை வைத்து ஆண்டு சொல்லமுடியாது.

அடுத்து மடிப்பு. உறை இல்லாத காலம், கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தார்கள். உண்மையில் அனுப்பிய கடிதத்தில் அரக்கைப் பிரித்தபோது கிழிந்த வாயும், மடிப்பில் அழுக்கும் இருக்கும். மடிப்பே இல்லாமல் தட்டையாக இருந்தால் அது அலுவலகப் பதிவேட்டுப் பிரதி. தலையில் "டூப்ளிகேட்", "டிரிப்ளிகேட்" என்று இருந்தால் அதைக் கழித்துவைக்காதீங்கோ. போர்க்காலத்தில் ஒரே கடிதத்தை இரண்டு மூன்று கப்பலில் அனுப்பினார்கள். 1782இல் ஆங்கிலேயருக்காகக் கண்டிக்குத் தூது போன ஹியூ பாய்ட் திரும்பிச் சென்னைக்குப் போகையில் பிரெஞ்சுக்காரர் கையில் பிடிபட்டார். அப்படிப் போகிற வழியில் ஆளும் தாளும் சேர்ந்து போவது சாதாரணம். இரண்டாம் பிரதியில் தளபதி கடைசியில் இரண்டு வரி புதிதாகச் சேர்த்திருப்பார், முதற்பிரதி போன பிறகு நடந்ததைப் பற்றி. பல தடவை முழுக் கட்டிலும் வாசிக்கவேண்டியது அந்த இரண்டு வரிதான்.

மை மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் சேர்த்தது. எழுதும்போது வெளிறிக் காற்றுப் பட்டுக் கறுத்து, காலம் போகப் பழுப்பாகும். அமிலம். தடித்து எழுதிய கீறுகளில் தாளையே தின்று எழுத்து வடிவில் ஓட்டை விழும். ஈரம் அதை முடுக்கிவிடும். எங்கட ஊரில் மழைக்காலத்துக் காற்றே போதும். பகலில் ஏசி போட்டு இரவில் நிற்பாட்டுவது அதைவிடக் கூடாது, ஈரம் ஏறி இறங்கும்போதுதான் தாள் கூடுதலாக உடைகிறது. சார்பு ஈரப்பதம் 50 வீதத்துக்குக் கிட்ட நிலையாக நிற்கவேணும். தண்ணியில் நனைத்துத் துடைக்காதீங்கோ, மையில் உள்ள இரும்பு பக்கத்துத் தாளுக்கும் பரவும். ரேப் ஒட்டுவது, லமினேற் பண்ணுவது இரண்டும் வேண்டாம். அமிலமற்ற தாளில் ஒவ்வொன்றாக வைத்து, அமிலமற்ற பெட்டியில், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கோ. கறையானுக்கு நிலம்தான் வாசல்.

வாசிக்க முடியாமல் மங்கியிருந்தால் விளக்கைத் தாளோடு சரித்துப் பக்கத்தில் இருந்து பிடித்துப் படமெடுங்கோ. பேனை அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும்.

மாங்காய்ஊற்று:
1942 கடிதங்களுக்கும் இதுதானா? அங்கே திகதி இருக்கும், இடம் இருக்காது.

சாம்பல்தீவு:
அது வேறு சாதி. இடம் எழுதத் தடை. முத்திரையில் களத் தபாலகத்தின் எண் மட்டும் இருக்கும், ஊர் பெயர் இராது. எண்ணை வைத்து ஊரைப் பிடிக்கலாம், ஆனால் தபாலகங்கள் நகர்ந்தபடியால் எண்ணோடு திகதியும் பொருந்தவேணும். தணிக்கை முத்திரையிலும் எண் உண்டு, அது படைப்பிரிவோடு ஒட்டியது. சிப்பாயின் கடிதத்தை அவனுடைய அதிகாரியே வாசித்து ஒப்பமிடுவார். அதிகாரி தன் கடிதத்தில் தானே ஒப்பமிடுவார், தளத்தில் இடைக்கிடை உடைத்துப் பார்ப்பார்கள். அதனால் பீரங்கித்தள அதிகாரியின் வீட்டுக் கடிதத்தில் வெட்டே இல்லாவிட்டால், அவர் எல்லாவற்றையும் சொன்னார் என்று எடுக்கவேண்டாம். எழுதமுதலே தானாக வெட்டிக்கொண்டு எழுதியவர்.

உதாரணத்துக்கு, 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் அடித்தன. சகைங் கப்பல் எரிந்தது (கடற்படை 2018இல் தூக்கி எடுத்தது அதைத்தான்), அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியது. அந்தக் கிழமைக் கடிதத்தில் இவை ஒன்றும் இராது. "சத்தம் கொஞ்சம் கூட", "தூக்கம் இல்லை" என்ற அளவில் வரும். மே 8 அன்று கொக்கோஸ் தீவில் இலங்கைக் காவற்படைப் பீரங்கிப் பிரிவினர் கிளர்ந்தது பற்றியும் வீட்டுக் கடிதத்தில் தேடிப் பயன் இல்லை. கடிதத்தை ஒரு பக்கமும் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பை மறுபக்கமும் வைத்து நாள் நாளாகப் பார்க்கவேணும். தென்கிழக்காசிய நாட்குறிப்புகள் கியூவில் போர் அலுவலகத் தொகுதி 172இல் இருக்கு. 1798க்குப் பிந்திய இலங்கைக் கடிதப் போக்குவரத்துக்குக் குடியேற்ற அலுவலகத் தொகுதி 54. ஒல்லாந்தர் காலத்துக்குக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் முதலாம் தொகுதி.

கொட்டியாரத்தான்:
ஏயர்கிராஃப் என்று கையளவுப் படம் மாதிரிச் சில இருக்கு. மூலக் கடிதம் எங்கே கிடைக்கும்?

பழந்தாள்:
கிடைக்காது. படிவத்தில் எழுதியதை 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுத்து, சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, போன இடத்தில் 4க்கு 5 அங்குல அளவில் தாளில் கழுவிக் கொடுத்தார்கள். சுருள் பத்திரமாகச் சேர்ந்தது என்று தெரிந்ததும் படிவங்களை அழித்துவிட்டார்கள். கையில் இருக்கும் படமே மூலம். அது வெள்ளி பூசிய ஒளிப்படத் தாள், விரல் பட்டால் வியர்வைத் தடம் நிலைத்துவிடும். ஓரத்தில் பிடியுங்கோ, பருத்திக் கையுறையை விட நைற்றிரைல் கையுறை நல்லம். 1,200 டிபிஐயில் ஸ்கான் பண்ணுங்கோ, 300இல் எடுத்தால் பெரிதாக்கும்போது எழுத்து உடையும். எழுதிய திகதி உள்ளே இருக்கும். வந்த திகதி உறையின் முத்திரையில் இருந்தால் உண்டு, அதனால் ஜன்னல் வைத்த அந்தச் சின்ன உறையை எறிந்துவிடவேண்டாம்.

கொட்டியாரத்தான்:
உறைகள் தனியாக ஒரு பையில் கிடக்கு, எது எந்தப் படத்துக்கு என்று தெரியாமல்.

பழந்தாள்:
ஜன்னலுக்குள்ளால் தெரியவேண்டியது படத்தில் உள்ள விலாசம். ஒரே ஆளுக்கு வந்தவை என்றால் அதால் பிரிக்கேலாது. மடித்த தடத்தையும் துருப்பிடித்த கிளிப்பின் தடத்தையும் ஒவ்வொரு உறையோடும் வைத்துப் பாருங்கோ. அதுவும் பொருந்தாவிட்டால் சேர்க்காமல் தனியாகவே எண் போட்டு வையுங்கோ.

கொட்டியாரத்தான்:
சரி. 7பெர் கடிதங்களைத் திருத்திவிட்டு மூன்று திகதிப் பத்தியோடு அட்டவணையை இங்கேயே போடுறன்.

லோவர்பேட்டரி:
நாலாவது பத்தி ஒன்றும் சேருங்கோ: எந்தப் பிரதி என்று.